அப்பாவிடம் பால், அம்மாவிடம் ஹாலு

மகளுக்கு அப்போது ஒரு வயது பத்து மாதம். பெங்களூரில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் நின்று என்னிடம் "பால்" என்று கேட்டாள். நான் அவளுடைய குட்டி டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தேன். பொறுமையில்லாமல் அப்படியே திரும்பி, அடுப்பருகே நின்ற அவள் அம்மாவிடம் "ஹாலு" என்றாள். நான் தமிழ், மனைவி கன்னடம். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

தலை திரும்பிய அந்த அரை நொடிக்குப் பின்னால் ஏறக்குறைய இரண்டு வருட உழைப்பு இருக்கிறது. அது வயிற்றுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் குழந்தைக்குக் காது கேட்கும். சொற்கள் தெளிவாகப் போய்ச் சேராது. பேச்சின் ஏற்ற இறக்கமும் தாளமும் சேரும். கனடாவின் வான்கூவரில் பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளின் வாயில் ரப்பர் நிப்பிளை வைத்து, எந்த மொழியைக் கேட்கும்போது வேகமாகச் சப்புகிறார்கள் என்று பார்த்தார்கள். ஆங்கிலம் மட்டும் பேசிய தாய்மாரின் குழந்தைகள் ஆங்கிலத்துக்கே அதிகம் சப்பினார்கள். கர்ப்பகாலத்தில் ஆங்கிலமும் பிலிப்பைன்ஸின் டகாலோக்கும் பேசிய தாய்மாரின் குழந்தைகள் இரண்டிலும் ஒரே அளவு ஆர்வம் காட்டினார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2010இல் வெளியான ஆய்வு இது.

ஆங்கிலமும் டகாலோக்கும் தாளத்தில் தூரத்து மொழிகள். தமிழும் கன்னடமும் அக்கா தங்கை மாதிரி. அப்படிப்பட்ட ஜோடியையும் பார்சிலோனாவில் சோதித்திருக்கிறார்கள். ஸ்பானிஷும் கட்டலானும் புழங்கும் அந்த ஊரில், நாலரை மாதக் குழந்தைகளே இரண்டையும் பிரித்தறிந்தார்கள்.

அடுத்தது ஒலிகள். "பம்பரம்" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ப-வும் நடுவில் வரும் ப-வும் ஒரே ஒலி இல்லை. நமக்கு இரண்டும் ஒரே எழுத்து, அதனால் வித்தியாசம் காதில் விழுவதே இல்லை. கன்னடத்தில் அவை இரண்டு எழுத்துகள். மாற்றிச் சொன்னால் பொருளே மாறலாம். பிறந்த குழந்தைக்கு இப்படிப்பட்ட வேறுபாடுகளில் பெரும்பாலானவை கேட்கும். பிறகு, வீட்டில் புழங்காத வேறுபாடுகளை மூளை மெல்லக் கைவிடுகிறது. ஆய்வாளர்கள் ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் இதைக் காட்டினார்கள். இந்தியில் வரும் 'த', 'ட' வித்தியாசத்தை, ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் அவர்களில் மிகச் சிலருக்கே அது முடிகிறது. என் காது எப்போதோ மூடிவிட்ட ஒரு கதவு, அவள் அம்மா தினமும் பேசுவதால் மகளுக்குத் திறந்தே இருக்கிறது. கன்னடத்தில் நான் தடுமாறும் இடத்தில் அவள் சர்வசாதாரணமாகப் போகிறாள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

சரி, டிவியைப் போட்டுவிட்டால் மொழி வந்துவிடாதா? ஆய்வாளர் பாட்ரிசியா குல் 2003இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார். பன்னிரண்டு அமர்வுகள். எதிரில் உட்கார்ந்து ஓர் ஆள் பேசி விளையாடியபோது குழந்தைகள் சீன ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். அதே பேச்சைத் திரையில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. குழந்தைக்கு மொழி என்பது ஒரு முகம், ஒரு மடி. அதனால்தான் "பால்" என்ற சொல் என்னோடும், "ஹாலு" அவள் அம்மாவோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு மழலையர் காப்பகத்தில், "ரெண்டு மொழி பேசினா குழம்பிடுவா, பேச்சு தாமதமாகும், ஒண்ணை விட்டுடுங்க" என்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு தேடிப் படித்தேன். மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசும் குழந்தைகளின் சொற்களைப் பார்பரா பியர்சன் குழுவினர் 1993இல் எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு மொழிச் சொற்களையும் கூட்டினால், ஒருமொழிக் குழந்தைகளுக்கு அவர்கள் குறைந்தவர்கள் இல்லை. ஒரு மொழியை மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரியலாம், அவ்வளவுதான். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து பேசுவதும் குழப்பத்தின் அடையாளம் இல்லை. தெரியாத சொல்லுக்குப் பதில் தெரிந்ததைப் போடுகிறார்கள். பெரியவர்களான நாமும் அதைத்தானே செய்கிறோம்? பேச்சு உண்மையிலேயே தாமதமானால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆனால் பழியை இரண்டாவது மொழி மேல் போட வேண்டாம்.

இந்தத் துறையின் பழைய பதிவுகளில் முக்கியமானவை அப்பாக்கள் எழுதியவை என்பது எனக்குத் தனி சந்தோஷம். பிரெஞ்சுக்காரரான ஜூல் ரோன்ஜா, ஜெர்மன் மனைவியோடு சேர்ந்து மகனை "ஆளுக்கொரு மொழி" என்று வளர்த்த கதையை 1913இல் வெளியிட்டார். அமெரிக்காவில் வெர்னர் லியோபோல்ட் தன் மகளின் பேச்சைக் குறித்துவைத்து, 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். என்னிடம் இருப்பது ஒரு பழைய டைரிதான்.

அதில் போன வாரம் எழுதியது இது. பழைய கன்னடத்தின் 'ப' பல சொற்களில் 'ஹ' ஆகிவிட்டது: பல் - ஹல்லு, பத்து - ஹத்து, பூ - ஹூவு, பல்லி - ஹல்லி. இரண்டரை வயதாகும் என் மகள் வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் "ஹளம்" என்றாள். தமிழிலும் அப்படி ஒரு சொல் இல்லை, கன்னடத்திலும் இல்லை. அந்த விதி அவளுக்குப் பிடிபட்டுவிட்டதா, நாக்கு தடுமாறியதா என்பதை ஒரே சொல்லை வைத்துச் சொல்ல முடியாது. மனைவி சிரித்துக்கொண்டே "ஹண்ணு, புட்டி" என்று திருத்தினாள். புட்டி என்றால் கன்னடத்தில் குட்டிப் பெண். மகள் "ஹண்ணு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் வந்து, பழத்தை நீட்டி, "பளம் உரி அப்பா" என்றாள்.