களிமண்மேல் ஓர் ஓபரா அரங்கம்

சிகாகோவின் ஆடிட்டோரியம் தியேட்டரில் முகப்புக் கூடத்து மொசைக் தரை சரிந்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். கட்டும்போதே மண்ணுக்குள் இறங்கத் தொடங்கிய கட்டடம் அது.

டாங்க்மார் ஆட்லரும் லூயி சல்லிவனும் வடிவமைத்தது. 1887இல் வேலை தொடங்கி 1889 டிசம்பரில் திறந்தார்கள். நாலாயிரத்துக்கும் மேல் இருக்கைகள், அரங்கைச் சுற்றி ஓட்டலும் அலுவலகங்களும், அப்புறம் 17 மாடிக் கோபுரம். வாடகைப் பணத்தில் ஓபரா என்னும் இசை நாடகம் நடக்கட்டும் என்பது திட்டம்.

சிக்கல் மண்ணில் இருந்தது. அங்கே பாறை ரொம்ப ஆழம். மேலே ஈரக் களிமண். பாரம் ஏறினால் களிமண்ணிலுள்ள நீர் மெதுவாகப் பிதுங்கி வெளியேறும், அந்த அளவுக்கு மண் அமுங்கும். கட்டடம் முழுவதும் ஒரே சீராக இறங்கினால் பெரிய பாதகமில்லை. ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இறங்கினால்தான் விரிசல் விழும். அதனால் மரக்கட்டைகளையும் தண்டவாளங்களையும் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கான்கிரீட் போட்டு, பாரத்தை அகலப் பரப்பினார்கள்.

கோபுரத்துக்கு இது போதவில்லை. பக்கத்துச் சுவர்களைவிட அதன் எடை அதிகம். கட்டி முடிவதும் பிந்தித்தான். சுவர்கள் அமுங்கி நிலைத்த பிறகு கோபுரம் தனியே இறங்கினால் இரண்டும் சேருமிடம் பிளந்துவிடும். ஆட்லர் செங்கல்லையும் இரும்புப் பாளங்களையும் கோபுரத்தின் அடியில் குவித்து, இன்னும் எழாத மாடிகளின் எடையை முன்கூட்டியே மண்மேல் ஏற்றினார். மாடிகள் எழ எழ அவற்றை அகற்றினார்கள். என்ன ஒரு துணிச்சல்!

கோபுரத்தில் கணக்கு பலித்தது; சொதப்பியது வெளிச்சுவரில். இலேசான பொருளில் கட்ட நினைத்த சுவரை, அடித்தளம் போட்ட பிறகு கனமான கல்லுக்கு மாற்றினார்கள். சில இடங்களில் அது இரண்டு அடிக்கும் மேல் இறங்கியது. உட்பகுதி அவ்வளவு இறங்காததால் தரை சரிந்தது. என்னைக் கேட்டால் இதில் மண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கோடைக்கும் ஆட்லர் ஒரு வழி வைத்திருந்தார். கூரைப்பக்கக் காற்றை ராட்சத விசிறியால் இழுத்து, டன் கணக்கில் ஐஸ் போட்டுக் குளிரவைத்த நீர்த்தூறல் வழியாக அரங்குக்குள் விட்டார்கள். நகரத்துத் தூசியும் கரியும் அதிலேயே கழுவப்பட்டுவிடும்.

1930களில் அரங்கம் நொடித்தபோது இடித்துவிடலாமா என்று பார்த்தார்கள். இடிக்கும் செலவு நிலத்தின் மதிப்பையே தாண்டியதால் விட்டுவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்கள் அங்கே பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் விளையாடினார்கள். பிறகு பழுதுபார்த்து, 1967இல் மறுபடி திரையை உயர்த்தினார்கள்.