பெட்டியின் மேல் ஒன்று, அடியில் ஒன்று கூடாது: பழம், காய்கறி வணிகத்தின் சர்வதேசத் தர விதிகள்

நாசிக்கில் ஒருவர் திராட்சையைப் பெட்டியில் அடைத்து அனுப்புகிறார். ராட்டர்டாமில் இருக்கும் இன்னொருவர் அதை வாங்குகிறார். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. கோயம்பேட்டில் என்றால் வாங்குபவர் பெட்டியைக் கிளறி, ஒன்றை எடுத்து அமுக்கி, ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு விலை பேசிக்கொள்வார். வாரக்கணக்கில் கப்பலில் போகும் சரக்குக்கு அது நடக்காது. 'முதல் தரம்' என்று எழுதி அனுப்பினால், அனுப்புபவரின் முதல் தரமும் வாங்குபவரின் முதல் தரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துறைமுகத்தில் சண்டைதான். அழுகும் பொருளை வைத்துக்கொண்டு சண்டை போடவும் நேரம் கிடையாது.

இந்தத் தகராறைத் தவிர்க்கத்தான் சர்வதேசத் தர விதிகள் வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய நாடுகளுக்கிடையே வணிகம் மீண்டும் தலையெடுத்த நேரத்தில், 1949-இல், ஜெனீவாவில் உள்ள ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் இந்த வேலையைக் கையில் எடுத்தது. ஆப்பிள், தக்காளி, வெங்காயம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தர ஆவணம் எழுதத் தொடங்கினார்கள். அந்த வேலை இன்றும் நடக்கிறது. பெயரில் 'ஐரோப்பிய' இருந்தாலும் ஐ.நா.வின் எந்த உறுப்பு நாடும் போய் உட்கார்ந்து பேசலாம். வாக்கெடுப்பு இல்லை, ஒருமித்த கருத்துதான். கருத்து ஒத்துவராவிட்டால், புதிய விதியைச் சில காலம் சோதனை முறையில் விட்டுப் பார்ப்பதும் உண்டு.

எல்லா ஆவணங்களும் ஒரே சட்டகத்தில் எழுதப்படுகின்றன. எந்தப் பொருள், குறைந்தபட்சத் தேவைகள் என்ன, எத்தனை வகுப்புகள், அளவு எப்படி, எவ்வளவு பிசகு பொறுக்கலாம், எப்படி அடுக்க வேண்டும், பெட்டி மேல் என்ன எழுத வேண்டும். ஒன்றைப் படித்துப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

மாம்பழத்தையே எடுத்துக்கொள்வோம். கோடெக்ஸ் என்ற அமைப்பு 1993-இல் மாம்பழத்துக்கு ஒரு தரம் வகுத்தது. (கோடெக்ஸ் யார் என்பதைப் பிறகு பார்ப்போம்.) முதலில் குறைந்தபட்சத் தேவைகள். எந்த வகுப்பானாலும் இவை இருந்தே ஆக வேண்டும். பழம் முழுதாக, கெட்டியாக இருக்க வேண்டும். அழுகல் கூடாது. வெளியே தெரியும் மண்ணோ குப்பையோ ஒட்டியிருக்கக் கூடாது. பூச்சி அரித்திருக்கக் கூடாது. கறுப்புத் திட்டுகளும், பால் வழிந்து கருகியது போன்ற தடங்களும் கூடாது. குளிர்சாதனத்தில் வைத்துக் கெட்டுப்போன அடையாளம் கூடாது. வேற்று வாசனையோ சுவையோ கூடாது. காம்பு இருந்தால் 1 செ.மீ.க்கு மேல் நீளக் கூடாது. நீளமான காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்தும் என்பது மாம்பழம் அடுக்கியவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். இவற்றோடு முக்கியமான ஒன்று, போய்ச் சேர்ந்த இடத்தில் தானாகப் பழுக்கும் அளவுக்குக் காய் முற்றியிருக்க வேண்டும். பிஞ்சில் பறித்து வெம்பவைத்த காய்க்கு இதில் இடமில்லை.

அடுத்தது வகுப்பு. எக்ஸ்ட்ரா, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என மூன்று. மூன்றுமே நல்ல பழம்தான். வித்தியாசம் பெரும்பாலும் தோலில். முதல் வகுப்பில் தோல் குறை சிறிய பழத்தில் 3 சதுர செ.மீ. வரையும், நடுத்தரப் பழத்தில் 4, பெரிய பழத்தில் 5 வரையும் இருக்கலாம். இரண்டாம் வகுப்பில் அதுவே 5, 6, 7. தோலில் இருக்கும் துருப்பிடித்தது போன்ற புள்ளிகளும், பச்சை ரகத்தில் வெயில் பட்டு வரும் மஞ்சளும் மேற்பரப்பில் 40 சதவீதம் வரை போனாலும் இந்த இரண்டு வகுப்புகளிலும் ஏற்கப்படும். 'இரண்டாம் வகுப்பு' என்ற பெயரைக் கேட்டதும் கழிவு என்று நினைத்து விலையைக் குறைத்துக்கொள்ளும் விவசாயிகள் இருக்கிறார்கள். சதைக்கும் சுவைக்கும் அதில் குறை சொல்லப்படவே இல்லை என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அளவு எடையில் கணக்கிடப்படுகிறது. 200 முதல் 350 கிராம் வரை ஏ, 351 முதல் 550 வரை பி, 551 முதல் 800 வரை சி. அதோடு முடியவில்லை. ஏ என்று எழுதிய பெட்டிக்குள் மிகச் சிறிய பழத்துக்கும் மிகப் பெரிய பழத்துக்கும் இடையே 75 கிராமுக்கு மேல் வித்தியாசம் கூடாது. பி-யில் 100, சி-யில் 125. இது எதற்கு? கடைக்காரர் எண்ணிக்கைக் கணக்கில் விற்பார். ஒரே விலைக்கு ஒருவருக்கு 210 கிராம் பழமும் இன்னொருவருக்கு 340 கிராம் பழமும் கிடைத்தால் கடையில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிசகே இல்லாமல் பழம் அடுக்க யாராலும் முடியாது. அதனால் ஒரு சலுகை உண்டு. எக்ஸ்ட்ரா பெட்டியில் 5 சதவீதம் வரை முதல் வகுப்புப் பழம் கலந்திருக்கலாம். முதல் வகுப்புப் பெட்டியில் 10 சதவீதம் வரை இரண்டாம் வகுப்புப் பழம். இரண்டாம் வகுப்பிலும் 10 சதவீதம் வரை தேவைக்குக் குறைவானது போகலாம், ஆனால் அழுகியது கூடாது.

எனக்கு இந்த ஆவணங்களில் மிகவும் பிடித்தது அடுக்குவதைப் பற்றிய வரி: பெட்டியில் கண்ணுக்குத் தெரியும் பகுதி, உள்ளே இருப்பது முழுவதையும் காட்டுவதாக இருக்க வேண்டும். மேலே பளபளவென்று நாலு வரிசை, அடியில் சொத்தையும் பொடியும் என்ற கை வேலை எல்லா ஊருக்கும் பொதுவானது போலிருக்கிறது. சட்ட மொழியில் அதற்குத் தடை எழுத வேண்டிய அளவுக்கு!

ஒவ்வொரு விளைபொருளுக்கும் அதன் இயல்புக்கு ஏற்ற அளவுகோல் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதியில் விதையில்லாத் திராட்சைக்குச் சாற்றின் இனிப்பு குறைந்தது 14 பிரிக்ஸ் (சாற்றில் உள்ள சர்க்கரையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். ஒரு துளிச் சாற்றை ஒளிவிலகல்மானியில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கொத்து 75 கிராமுக்குக் குறையக் கூடாது. ஆப்பிள் பொதுவாக 60 மி.மீ. விட்டமோ 90 கிராம் எடையோ இருக்க வேண்டும். ஆனால் 10.5 பிரிக்ஸ் இனிப்பு இருந்தால் 50 மி.மீ. அல்லது 70 கிராம் வரை சிறிய ஆப்பிளும் தேறும். இனிப்பாக இருந்தால் சிறிதாக இருக்கலாம் என்பது நியாயமான விதி. வாழைக்குக் குறைந்தது நீளம் 14 செ.மீ., தடிமன் 2.7 செ.மீ. சீப்பின் வெளி வரிசையில் நடுவில் இருக்கும் காயை அளப்பார்கள். ஐரோப்பிய வாழை விதி கேவண்டிஷ் போன்ற ரகங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. பூவனையும் கற்பூரவள்ளியையும் அதில் போட்டு அளந்து வருத்தப்பட வேண்டாம்.

வெள்ளரிக்காய்க் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1988-இல் ஐரோப்பியச் சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) போட்ட விதிப்படி, மேல் இரண்டு வகுப்புகளில் வெள்ளரி ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். 10 செ.மீ. நீளத்துக்கு 10 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது. பத்திரிகைகள் இதை வைத்துப் பல ஆண்டுகள் கிண்டல் செய்தன. கிண்டல் செய்தவர்கள் கவனிக்காதது, வளைந்த வெள்ளரிக்குத் தடை இல்லை, அதைத் தனியாகக் கீழ் வகுப்பில் விற்கலாம் என்பது. நேராக இருந்தால் பெட்டியில் எத்தனை அடங்கும் என்பது எண்ணாமலே தெரியும். அது வியாபாரிகளுக்கு வேண்டியிருந்தது. கடைசியில் 2008-இல் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 36 விளைபொருள்களில் 26-க்கான தனி விதிகளை நீக்க முடிவெடுத்தது. 2009 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. ஆப்பிள், எலுமிச்சை வகைகள், திராட்சை, தக்காளி, குடைமிளகாய் உள்ளிட்ட பத்துக்கு மட்டும் தனி விதி தங்கியது. அந்தப் பத்தும் சேர்ந்தால் அங்கு நடக்கும் வணிக மதிப்பில் முக்கால் பங்கு. மற்றவற்றுக்குப் பொதுவான ஒரு விதி. ஐ.நா. ஆணையத்தின் தரத்துக்கு ஏற்ப இருந்தாலும் அந்தப் பொது விதியை நிறைவேற்றியதாகவே கொள்வார்கள். இந்த ஒழுங்குமுறை புதுப்பிக்கப்பட்டு 2025 ஜனவரி முதல் புது வடிவில் அமலில் இருக்கிறது.

சரி, இவற்றை எழுதுவது யார்? மூன்று பெயர்கள் போதும். ஜெனீவாவின் ஐ.நா. ஆணையத்தைப் பார்த்துவிட்டோம். இரண்டாவது, கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் ஆணையம். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 1963-இல் சேர்ந்து நிறுவியது, 180-க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர். மாம்பழம், பப்பாளி, அன்னாசி போன்ற வெப்பமண்டலப் பழங்களை ஐரோப்பிய மேசைகள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை என்பதால், 1988-இல் மெக்சிகோ பொறுப்பில் இதற்கென ஒரு குழு கூடத் தொடங்கியது. இப்போது அது எல்லாப் பழம், காய்கறிகளையும் பார்க்கிறது. வெண்டைக்காய்க்குக்கூட 2014-இல் கோடெக்ஸ் தரம் வந்துவிட்டது. மூன்றாவது, ஓஇசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் 1962-ஆம் ஆண்டுத் திட்டம். அது புது விதி எழுதுவதைவிட, இருக்கும் விதிக்குப் படங்களுடன் விளக்கப் புத்தகம் போடுகிறது. எந்தப் புள்ளி 'லேசான குறை', எது அதற்கு மேல் என்பதைப் படம் பார்த்துத்தான் ஒத்துக்கொள்ள முடியும்.

இவை எதுவும் தானாகச் சட்டம் ஆவதில்லை. ஒரு நாடு தன் சட்டத்தில் ஏற்றுக்கொண்டால்தான் கட்டாயம். இறக்குமதி செய்யும் நாடு ஏற்றுக்கொண்டுவிட்டால் அனுப்பும் நாட்டுக்கும் அதுதான் கட்டாயம். 'தன்னார்வ விதி' என்பதன் நடைமுறைப் பொருள் பெரும்பாலும் இதுதான்.

இந்தியாவில் இந்தப் பக்கத்தைப் பார்ப்பது அக்மார்க். 1937-ஆம் ஆண்டின் தரம்பிரித்தல், முத்திரையிடல் சட்டம்தான் அடிப்படை. அதன் கீழ் 2004-இல் வந்த பழம், காய்கறி விதிகள் அதே எக்ஸ்ட்ரா, முதல், இரண்டாம் வகுப்பு முறையைப் பின்பற்றுகின்றன. மத்திய வேளாண் அமைச்சகத்தின் சந்தைப்படுத்தல் மற்றும் ஆய்வு இயக்ககம் இதை நடத்துகிறது. ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே தரச் சோதனையை முடித்துக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியம் தன் 2011 ஒழுங்குமுறையில் அங்கீகரித்த சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதனால்தான் ஐரோப்பாவுக்குப் போகும் திராட்சைக்கு இங்கேயே அக்மார்க் தரச் சான்றிதழ் வாங்குகிறார்கள். அது கையில் இருந்தால் அங்கே போய்த் தரத்துக்காகக் காத்திருக்கும் வாய்ப்பு குறைவு.

ஆனால் தரச் சான்றிதழ் ஒரு கதவுக்கு மட்டும்தான் சாவி. இன்னும் இரண்டு கதவுகள் தனியாக இருக்கின்றன. பலர் குழம்புவது இங்கேதான். ஒன்று பூச்சிமருந்து எச்சம். தனி வரம்பு குறிக்கப்படாத மருந்துக்கு ஐரோப்பாவில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை. 2010-இல் இந்தியத் திராட்சை ஐரோப்பாவில் மாட்டிக்கொண்டது தோல் குறையாலோ இனிப்புக் குறைவாலோ அல்ல, குளோர்மெக்வாட் என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தின் எச்சத்தால். இன்னொன்று தாவர நோய், பூச்சி. 2013-இல் இந்தியாவிலிருந்து போன 207 சரக்குகளில் பழ ஈ போன்ற பூச்சிகள் கண்டுபிடிக்கப்பட்டதால், 2014 மே மாதம் முதல் மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேப்பங்கிழங்கு இலை ஐந்தையும் ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது. அல்போன்சாவின் அழகையோ மணத்தையோ யாரும் குறை சொல்லவில்லை. வெந்நீரில் முக்கி எடுக்கும் முறை உள்ளிட்ட ஏற்பாடுகளைச் சரிசெய்த பிறகு 2015 ஜனவரியில் மாம்பழத்துக்கு மட்டும் தடையை நீக்க முடிவானது. தாவர சுகாதாரச் சான்றிதழ் என்பது இந்தக் கதவுக்கானது.

இவற்றுக்கு அப்புறம் அரசு சாராத நான்காவது கதவு ஒன்றும் உண்டு: பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் கேட்கும் குளோபல்கேப் போன்ற தனியார் சான்றிதழ்கள். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் இல்லாமல் போனால் பல கடைகளில் வாங்க மாட்டார்கள். வளைந்த வெள்ளரிக்கான விதியை அரசு நீக்கிய பிறகும் பல கடைகள் நேரான வெள்ளரியையே கேட்பதற்கும் இதே காரணம்தான். என் பார்வையில், தோற்றத்துக்காக வீணாகும் காய்கறிக்கு ஜெனீவாவைத் திட்டுவதைவிடக் கடைக்காரர்களின் கொள்முதல் பட்டியலைக் கேள்வி கேட்பது பொருத்தம்.

ஆப்பிளில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரையும் இத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதில் உள்ள நாலு இலக்க எண் கடையில் பில் போடுவதற்கான ரக எண். அதற்கும் தர வகுப்புக்கும் தொடர்பில்லை. முன்னால் 9 இருந்தால் இயற்கை விவசாயம் என்பது சரி. 8 இருந்தால் மரபணு மாற்றியது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி யாரும் பழத்தைத் தூக்கி எறிய வேண்டாம், அப்படி ஒரு எண் கடைகளில் புழக்கத்துக்கு வரவே இல்லை. தர வகுப்பைத் தெரிந்துகொள்ளப் பழம் வந்த பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். அடுக்கியவரின் பெயர், முகவரி அல்லது அரசு அளித்த குறியீடு, ரகம், விளைந்த நாடு, வகுப்பு, அளவு எல்லாம் அதில் அச்சிட்டிருக்கும்.

ஏற்றுமதியில் இறங்க நினைக்கும் விவசாயக் குழுவுக்குப் பாதை இப்படி: வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், அபீடாவில் (வேளாண் பொருள் ஏற்றுமதிக்கான மத்திய அரசு அமைப்பு) பதிவு, அபீடா அங்கீகரித்த பேக் ஹவுசில் தரம்பிரித்து அடுக்குதல், தேவைப்பட்டால் எச்சப் பரிசோதனை, அக்மார்க் சான்றிதழ், கடைசியில் தாவர சுகாதாரச் சான்றிதழ். ஐரோப்பாவுக்கான திராட்சை என்றால் தோட்டத்தையே முன்கூட்டிக் கிரேப்நெட் என்ற அபீடாவின் இணையப் பதிவு முறையில் பதிவுசெய்திருக்க வேண்டும். பறித்த பிறகு நினைவுக்கு வந்தால் அந்த சீசன் போய்விட்டது என்று பொருள். எந்த நாட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்பதை முடிவுசெய்யாமல் இதில் எதையும் தொடங்காதீர்கள். ஐரோப்பா கேட்கும் காகிதமும் வளைகுடா நாடுகள் கேட்கும் காகிதமும் ஒன்றல்ல.

விதியின் வாசகத்தைப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஐ.நா. ஆணையத்தின் தரங்களும் கோடெக்ஸ் தரங்களும் அவரவர் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தான். புதிய கோடெக்ஸ் வரைவுகளுக்கு இந்தியாவின் தொடர்பு மையம் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். உங்கள் பகுதி ரகத்துக்கு ஒத்துவராத அளவு ஒன்று வரைவில் தென்பட்டால், அது இறுதியாவதற்கு முன் எழுதிப் போட வேண்டிய முகவரி அதுதான்.