சேனை, புனம், இதை, முதை

'சேனை' என்றால் தமிழ்நாட்டு வாசகருக்குப் படையோ கிழங்கோதான் நினைவுக்கு வரும். இலங்கையின் வடக்கேயுள்ள வன்னியில் அது வேறு: காட்டை வெட்டி எரித்து, ஓரிரு போகம் விதைத்து, பிறகு காட்டுக்கே விட்டுவிடும் மேட்டுநிலம். சிங்களத்தில் இதை 'ஹேன' என்பார்கள். ஆங்கிலேயர் இச்சொல்லைச் சட்டத்துக்குள்ளும் கொண்டுபோனார்கள். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சேனைகளையும், பல ஆண்டு இடைவெளி விட்டே பயிரிடக்கூடிய பிற நிலங்களையும் ஒரு வகையாகப் பிரித்தது. கண்டி மாகாணங்களுக்கு வெளியே அவை காடு அல்லது தரிசு என்றே கொள்ளப்பட்டன. காடும் தரிசும் முடிக்குரியவை என்பது அதே சட்டத்தின் அனுமானம். உழவனிடமிருந்து காணியைப் பறித்த அந்தச் சட்டத்துக்குக்கூட, இடைவெளிதான் சேனையின் அடையாளம் என்று தெரிந்திருந்தது.

பாடநூல்கள் 'பெயர்ச்சிப் பயிர்ச்செய்கை' என்கின்றன. பிழையில்லை, ஆனால் பெயர்வது உழவன் மட்டுமே என்பதுபோல ஒலிக்கிறது. நல்ல தமிழ்ச் சொல் புனம். மலையாளத்தில் 'புனம் கிருஷி' இன்றும் இதே பொருளில் வழங்குகிறது. பழந்தமிழில் இன்னும் நுட்பமான இரண்டு சொற்கள் உண்டு: 'இதை' என்பது புதுக்கொல்லை, 'முதை' என்பது பழங்கொல்லை. நிலத்துக்கும் வயதுண்டு என்று அறிந்தவர்கள் வைத்த பெயர்கள்.

முறையான சேனையில் ஆனி, ஆடியில் பற்றையும் மரமும் வெட்டி, காயவிட்டு, ஆவணியில் எரிப்பார்கள். புரட்டாசிக் கடைசியில் மழை தொடங்கியதும் குரக்கன் (கேழ்வரகு), சோளம், எள்ளு, உழுந்து, பூசணி விதைப்பு. மரத்தை வேரோடு பிடுங்குவதில்லை. முழங்கால் உயரத்தில் கட்டையை விட்டுவிடுவார்கள். பாலை மரத்தைப் பழத்துக்காகத் தொடவே மாட்டார்கள். சாம்பல் பொட்டாசியமும் சுண்ணாம்பும் தரும், தழைச்சத்தோ புகையோடு போய்விடும். தீயில் களைவிதை கருகுவதால் முதலாண்டு களை குறைவு. இரண்டாம் ஆண்டில் அது பயிரை மிஞ்சும். நிலத்தைக் கைவிடுவதற்குச் சத்துக் குறைவு பாதிக் காரணம், களை மீதிப் பாதி. அதன்பின் 8–10 ஆண்டுகள் நிலம் ஓய்ந்தால் கட்டைகள் தளிர்த்துக் காடு மீளும்.

ஓய்வு 3–4 ஆண்டாகச் சுருங்கினால் மீள்வது காடல்ல, முட்பற்றை. புல்டோசர் விட்டால் அதுவும் இல்லை: கட்டையும் வேரும் மேல்மண்ணோடு சேர்ந்து காணியோரத்தில் குவிந்துவிடும், தளிர்க்க ஒன்றும் மிஞ்சாது.

வெறும் மேட்டில் மாரி மழை நேரே அறையும். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீற்றர் மண் அரித்தால் அது ஏறத்தாழ 4 கன மீற்றர், மணல் ஏற்றுபவர் கணக்கில் சுமார் ஒன்றரைக் கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). கண்ணுக்கு அந்த 1 மில்லிமீற்றர் தெரியவே தெரியாது. நீரேந்து பகுதியில் காடு போனால் இந்த மண்ணில் ஒரு பங்கு கீழேயுள்ள குளத்துக்கு வரும். சராசரி ஆழம் 2 மீற்றர் உள்ள சிறுகுளத்தில் 20 சென்ரிமீற்றர் வண்டல் படிந்தால் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. அதே மழைக்குக் குளம் முந்தி வான்பாயும் (கலிங்கு வழியே வழியும்). ஆவியாகும் நீர்ப்பரப்போ குறையாது. முதலில் அடிபடுவது சிறுபோகம், அதாவது கோடைப் பருவச் சாகுபடி. வானை உயர்த்திச் சரிக்கட்டப் பார்த்தால் நீர் அலைகரைப் பக்கம் (குளத்தின் ஆழமற்ற மேல்விளிம்பில்) மெல்லியதாகப் பரவி இன்னும் வேகமாக வற்றும். தூர் வாருவதும் மேட்டில் மறைப்பில்லாவிட்டால் சில மாரிக்கே தாங்கும்.

ஆகவே இயந்திரத்தால் வெட்டவெளியாக்கி ஆண்டுதோறும் விதைக்கும் நிலத்தைச் 'சேனை' என்று எழுதுவது தவறு. அது 'காடு வெட்டித் திருத்திய காணி' அல்லது வெறுமனே 'மேட்டுக்காணி'. சுழற்சி உள்ள இடத்துக்குச் சேனை, அல்லது புனம். ஓய்வில் கிடக்கும் பழைய சேனைக்கு முதை என்ற சொல் காத்திருக்கிறது.