நிழல் குட்டையாகும் நேரம்

"வெயில் கொளுத்தும் குமரி மாவட்டத்தில் இருக்கிற எனக்கு எப்படி வைட்டமின் டி குறையும்?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. மார்த்தாண்டம் பக்கத்தில் ஓர் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உரிக்கிறார். காலையில் கொட்டகைக்குள் போனால் பொழுது சாயும்போதுதான் வெளியே வருகிறார். வெயில் ஊரில் அடிக்கிறது, அவர் தோலில் படவில்லை.

உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்ச இந்த வைட்டமின் வேண்டும். குறைந்தால் எலும்பு வலுவிழக்கும், தசை தளரும், குழந்தைகளுக்குக் கால் வளையும். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். தோலுக்குள் நடப்பதுதான் எனக்கு அலுக்காத அதிசயம்.

அங்கே 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் என்றொரு கொழுப்புப் பொருள் இருக்கிறது. அதில் நான்கு வளையங்கள். 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர் பட்டதும் ஒரு வளையம் அறுந்து திறக்கிறது. ஒளியின் வேலை அவ்வளவுதான். மீதியை உடம்புச் சூடு பார்த்துக்கொள்கிறது: அறுந்த மூலக்கூறு சில மணி நேரத்தில் உருமாறி, வைட்டமின் டி3 ஆகி, ரத்தத்துக்குள் நழுவுகிறது. நீங்கள் நிழலுக்கு வந்து கட்டஞ்சாயா குடிக்கும்போதும் தோல் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

வெயிலிலேயே நின்றால்? அறுந்த மூலக்கூறின்மேல் மறுபடியும் கதிர் பட்டு, அது லூமிஸ்டிரால், டாக்கிஸ்டிரால் என்று வேறு பொருள்களாகிவிடும். அதனால்தான் முட்டம் கடற்கரையில் பகல் முழுக்க வலை பிரிப்பவருக்கும் வெயிலால் வைட்டமின் டி மிகையாவதில்லை. தோலுக்கு இருக்கும் இந்தக் கடிவாளம் மருந்துக்குக் கிடையாது. பக்கத்து வீட்டார் சொன்னார் என்று 60,000 யூனிட் பொடியை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறினால் சிறுநீரகமே பழுதாகும்.

காலை இளவெயிலே போதும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. சாய்ந்து வரும் கதிர் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடக்க வேண்டும். நமக்கு வேண்டிய பகுதியில் பெரும்பங்கை ஓசோன் வழியிலேயே உறிஞ்சிவிடும். ஜன்னல் கண்ணாடியும் அதைத் தடுக்கும். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே பலன் தரும். கருத்த தோலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். அது எவ்வளவு என்று மீனவர், ரப்பர் பால்வெட்டுபவர், ஆலைப் பெண்கள் என நம் மக்களிடமே அளந்து பார்க்க அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

அக்கா, சாப்பாட்டு இடைவேளையில் கையிலும் காலிலும் வெயில் படும்படி கொஞ்ச நேரம் முற்றத்தில் நில்லுங்கள்; தோல் எரியும்வரை வேண்டாம். மருத்துவர் எழுதிய மருந்தை அளவு மாறாமல் சாப்பிடுங்கள். சாளை மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் புளிமுளம் குழம்பு வையுங்கள், அதிலும் வைட்டமின் டி உண்டு.