பாராலீகல்: சட்டத்துக்குக் கீழா, பக்கத்திலா?

சித்தி மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது சித்தி போன் செய்தார். மாப்பிள்ளையின் அக்கா, எனக்குத் தங்கை முறை, அமெரிக்காவில் ஓர் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருக்கிறாள். பத்திரிகையில் அவள் பெயருக்குக் கீழே என்ன வேலை என்று போட வேண்டும். பதவியின் பெயர் ‘சூப்பர்வைசரி பாராலீகல் ஸ்பெஷலிஸ்ட்’.

“வக்கீல்னு போட்டுடலாமாப்பா?”

“வக்கீல் இல்ல சித்தி.”

“அப்போ கிளார்க்கா?”

“கிளார்க்கும் இல்ல.”

“ரெண்டும் இல்லேன்னா தமிழ்ல என்னன்னுதான் போடறது?”

மொழிபெயர்ப்புதான் என் தொழில். “துணைச் சட்ட அலுவலர்னு போடுங்க சித்தி” என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மனசு ஒப்பவில்லை. தமிழ்நாட்டில் சட்ட அலுவலர் என்றே ஒரு பதவி இருக்கிறது. துணை ஆட்சியர், துணை வட்டாட்சியர் என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, துணைச் சட்ட அலுவலர் என்றால் அந்த அலுவலருக்கு அடுத்த படியில் இருக்கும் ஒரு வக்கீல் என்றுதான் படும். வக்கீல் இல்லை என்று சொல்லிவிட்டு வக்கீல் பட்டத்தையே கொடுத்தது போல ஆகிவிட்டது.

சரி, சொல்லை முதலிலிருந்து பார்ப்போம்.

பாராலீகலின் பின்பாதியில் சிக்கல் இல்லை. லத்தீனில் சட்டத்துக்கு ‘லெக்ஸ்’ என்று பெயர், லீகல் அதன் வழி வந்தது. முன்பாதியில் இருக்கும் ‘பாரா’ கிரேக்கச் சொல். பக்கத்தில், ஒட்டி, அருகே என்று பொருள். பள்ளிக்கூடத்தில் ‘ரெண்டாவது பாராவைப் படி’ என்பார்களே, அந்தப் பாராவும் இதேதான். பழைய கிரேக்கச் சுவடிகளில் பேச்சு மாறும் இடத்தைக் காட்ட, வரியின் ஓரத்தில் ஒரு சிறு கோடு போடுவார்கள். ‘பக்கத்தில் எழுதியது’ என்ற பொருளில் அந்தக் கோட்டுக்கு வைத்த பெயர்தான் பாராகிராஃப் ஆனது. ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே போகும் கோடுகள் பாரலல். ஒட்டுண்ணிக்குச் சொல்லும் பாரசைட், முதலில் அடுத்தவர் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரைக் குறித்தது. (பாராசூட்டில் வரும் பாரா வேறு வேர். ‘தடுப்பது’ என்ற பொருளில் இத்தாலி, பிரெஞ்சு வழியாக வந்தது. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன்.)

ஆக, மேல் கீழ் என்ற அடுக்கு இந்தச் சொல்லில் இல்லை. சட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர், அவ்வளவுதான்.

இந்தப் பெயர் அமெரிக்காவில் 1960களில் பிறந்தது. வழக்கறிஞர்களின் கட்டணம் ஏறிக்கொண்டே போனது, ஏழைகளுக்கான சட்ட உதவி மையங்களில் வேலை குவிந்தது. வழக்கறிஞர் மட்டுமே செய்தாக வேண்டும் என்று இல்லாத வேலைகளைப் பிரித்து, பயிற்சி பெற்ற வேறு ஆட்களிடம் கொடுத்தால் என்ன என்ற யோசனை அப்போது வந்தது. 1968இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் இதற்காக ஒரு சிறப்புக் குழு அமைத்தது. வழக்கறிஞர் அல்லாத உதவியாளர்கள் என்ற பொருளில்தான் அந்தக் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். இன்னார் இல்லை என்று சொல்லி ஒருவருக்குப் பெயர் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அவர்களுக்கும் நாளடைவில் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். அப்புறம் ‘லீகல் அசிஸ்டென்ட்’ என்றார்கள். அந்தப் பெயரை அலுவலகச் செயலாளர்களுக்கும் வைக்க ஆரம்பித்ததும் குழப்பம் கூடியது. 2020இல் அந்தச் சங்கம் தன் வரையறையிலிருந்து லீகல் அசிஸ்டென்டை எடுத்துவிட்டு, பாராலீகலை மட்டும் நிறுத்திக்கொண்டது.

அமெரிக்க மத்திய அரசு ஒவ்வொரு வகை வேலைக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. வழக்கறிஞருக்கு 0905, சட்ட அலுவலக எழுத்தர் வகைக்கு 0986, பாராலீகலுக்கு 0950. சித்தி கேட்ட கேள்விக்கு அந்த எண்களே பதில் சொல்கின்றன: வக்கீலும் இல்லை, கிளார்க்கும் இல்லை, தனி வகை. சட்டங்களையும் விதிகளையும் முந்தைய தீர்ப்புகளையும் படித்து, சொந்தமாக யோசித்துப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வழக்கறிஞராகப் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை.

என் தங்கை செய்வது என்ன? நாடு முழுக்க 94 மத்திய நீதிமன்ற மாவட்டங்கள். அவற்றில் அரசு தரப்பில் வழக்கு நடத்தும் அலுவலகங்களில் ஒன்றில் அவள் இருக்கிறாள். ஒரு மோசடி வழக்கு என்றால் புலனாய்வு அதிகாரிகளிடமிருந்து வங்கிக் கணக்கு, போன் பதிவு, விசாரணை அறிக்கை என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள் வரும். முதல் வேலை, ஒரு பக்கம் விடாமல் எண் போடுவது. இதற்கு ‘பேட்ஸ் எண்’ என்று பெயர். 1890களில் எட்வின் பேட்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கிய எண்ணிடும் கருவியிலிருந்து வந்தது. ஒவ்வொரு அழுத்துக்கும் எண் தானாக ஒன்று கூடும். நம் ஊர் அச்சகங்களில் பில் புத்தகத்துக்கு எண் போடும் நம்பரிங் மெஷினைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். இப்போது கணினியே போட்டுவிடுகிறது, பெயர் மட்டும் மாறவில்லை. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை எதிர்த்தரப்புக்கு எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று பதிவு வைப்பதும் அவள் குழுதான். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கிய ஆதாரத்தை அரசு மறைக்கக் கூடாது என்று 1963இல் ‘பிரேடி’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட ஒரு பக்கம் கொடுபடாமல் விட்டுப்போனால், அந்தத் தீர்ப்பின்படி ஒருவருடைய தண்டனையே ரத்தாகலாம். கட்டிலிருந்து விலகிய ஒற்றைத் தாளுக்கு இவ்வளவு கனம் இருக்கிறது.

அவள் சொன்னதில் எனக்கு மறக்காதது ஒன்று. மத்திய நீதிமன்றத்தில் ஒரு தாளைத் தாக்கல் செய்யும்போது சிறுவர்களின் பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் மட்டும்தான் இருக்கலாம். பிறந்த தேதியில் ஆண்டு மட்டும், வங்கிக் கணக்கில் கடைசி 4 இலக்கம் மட்டும். மற்றதைக் கறுப்புப் பட்டையால் மறைக்க வேண்டும். தாக்கல் செய்வதற்கு முன் அவள் கோப்பைத் திறந்து, அந்தப் பட்டைக்கு மேல் மவுஸை இழுத்து, காப்பி செய்து, ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பார்ப்பாளாம். எழுத்து வந்து விழுந்தால், பெயரை நீக்கவில்லை, மேலே பட்டையைப் போர்த்தி மட்டும் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கோப்பு திரும்பிப் போகும். ஒரு குழந்தையின் பெயர் ஊருக்குத் தெரியாமல் இருப்பது அந்த ஒரு நிமிடச் சோதனையில் இருக்கிறது.

‘சூப்பர்வைசரி’ என்ற அடை இங்கேதான் வருகிறது. யாருக்கு எந்த வழக்கு, யாருக்கு விடுப்பு, புதியவருக்கு யார் கற்றுக்கொடுப்பது, வருட முடிவில் யாருடைய பணி எப்படி இருந்தது என்று எழுதுவது எல்லாம் அவள் பொறுப்பு. ஆனால் ஒரு கடிதம் வழக்கறிஞர் ரகசியக் காப்புக்குள் (எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டியதில்லை என்ற பாதுகாப்புக்குள்) வருமா என்று முடிவெடுப்பது அவள் வேலை இல்லை. சந்தேகம் என்று குறித்து வைப்பாள், முடிவு வழக்கறிஞருடையது. சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, நீதிபதி முன் வாதாடக் கூடாது. ஆட்களை அவள் மேற்பார்க்கிறாள், சட்டத்தை வழக்கறிஞர் பார்த்துக்கொள்கிறார்.

இப்போது தமிழுக்கு வருவோம். முதலில் நினைவுக்கு வருவது வக்கீல் குமாஸ்தா. வக்கீல் அரபியிலிருந்து வந்தது, குமாஸ்தா பாரசீகத்திலிருந்து. நியமிக்கப்பட்டவர் என்று பொருள். வாய்தா தேதி குறிப்பது, வக்காலத்து தாக்கல் செய்வது, நகல் மனு போடுவது, கட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது என்று அவர்கள் இல்லாமல் ஒரு நீதிமன்றமும் நகராது. அனுபவப்பட்ட குமாஸ்தாவுக்கு நடைமுறைச் சட்டம் விரல் நுனியில் இருக்கும். அவர்கள் செய்யும் வேலையில் பாதி, பாராலீகல் வேலைதான். ஆனாலும் சொல் எழுத்தரையே காட்டுகிறது. 0950 என்று தனி எண் வாங்கிய வேலையை மறுபடி 0986க்கு இறக்கிவிடும்.

‘சட்ட உதவியாளர்’ பலர் எழுதுவது. ஆனால் தமிழில் சட்ட உதவி என்றாலே இலவச சட்ட உதவிதான் மனதில் வருகிறது. அரசு தரப்பில் குற்ற வழக்கு நடத்தும் அலுவலகத்தில் இருப்பவரை அப்படி அழைத்தால் படிப்பவர் எதிர்த்திசையில் போய்விடுவார்.

இந்தியாவில் 2009இல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு பாராலீகல் தன்னார்வலர் திட்டத்தைக் கொண்டுவந்தது. நம் செய்தித்தாள்கள் அவர்களைச் ‘சட்டம் சார்ந்த தன்னார்வலர்’ என்று எழுதுகின்றன. கிராமத்தில், காவல் நிலையத்தில், சிறையில் மக்களுக்கும் சட்டப்பணிகள் குழுவுக்கும் இடையில் நிற்பவர்கள். அந்த வேலைக்கு அது நல்ல பெயர். தன்னார்வலரை எடுத்துவிட்டால் ‘சட்டம் சார்ந்தவர்’ என்று தனியே நிற்காது. கனடாவின் ஒன்டாரியோவில் நிலைமை இன்னும் வேறு. 2007 முதல் அங்கே பாராலீகல்களுக்கும் உரிமம் உண்டு. சிறு தொகை வழக்கு, போக்குவரத்துக் குற்றம், வீட்டு வாடகைத் தகராறு போன்றவற்றில் தாங்களே வாதாடலாம், தனியாக அலுவலகம் வைக்கலாம். டொரன்டோத் தமிழர் ஒருவர் பாராலீகல் என்று சொன்னால் அது என் தங்கையின் வேலை இல்லை. எழுதும்போது எந்த நாடு என்று பார்க்காமல் ஒரே சொல்லைப் போடுவது ஆபத்து.

இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது சித்தி பத்திரிகை ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மேலே மஞ்சளில் ‘முருகன் துணை’. அதைப் பார்த்தபடியே இருந்தேன். துணை முன்னால் வந்தால் பதவி அடுக்கு: துணைவேந்தர், துணை முதல்வர். பின்னால் வந்தால் கூடவே இருப்பது: வழித்துணை, பேச்சுத்துணை, வாழ்க்கைத்துணை. கிரேக்கர்களின் ‘பாரா’வுக்குச் சரியான தமிழ் நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறது, நான்தான் அதைத் தப்பான பக்கத்தில் ஒட்டியிருந்தேன். பாராமிலிட்டரியைத் துணை ராணுவம், பாராமெடிக்கலைத் துணை மருத்துவம் என்று எழுதிய பழக்கத்தில் வந்த வினை. அவை ஊன்றிவிட்டன, மாற்ற வேண்டாம். ஆனால் ‘துணைச் சட்டம்’ என்று சேர்ந்தால், கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதி போல ஒரு சட்டத்துக்கு அடங்கிய சின்னச் சட்டம் என்றும் படிக்க இடமிருக்கிறது. ‘சட்டத்துணை’யில் அந்த மயக்கம் இல்லை. ஆளைச் சொல்ல, சட்டத்துணையர். இலங்கைத் தமிழில் வழக்கறிஞருக்குச் சட்டத்தரணி என்பார்கள். காதுக்கு இரண்டும் நெருக்கமாகத்தான் இருக்கின்றன. அந்தப் பக்கத்து வாசகருக்கு எழுதும்போது முதல் முறை பாராலீகல் என்பதையும் சேர்த்து எழுதிவிடலாம்.

சூப்பர்வைசருக்குக் கண்காணிப்பாளரா, மேற்பார்வையாளரா? நம் அரசு அலுவலகங்களில் கண்காணிப்பாளர் என்பது மதிப்பான பதவி. இருந்தாலும் கண்காணிப்பு கேமரா வந்த பிறகு அந்தச் சொல்லில் ஒரு சந்தேகப் பார்வை ஏறிவிட்டது. அதன் உறவான கங்காணிக்கு இலங்கை, மலாயா தோட்டங்களில் பட்ட நினைவுகளும் இருக்கின்றன. மேற்பார்வையில் அது இல்லை, லத்தீன் வேரும் அதேதான்: மேலிருந்து பார்ப்பது. கூட வரும் ‘ஸ்பெஷலிஸ்ட்’டை விட்டுவிட்டேன். அரசுப் பட்டியலில் அந்த வகைக்கு முழுப் பெயரே பாராலீகல் ஸ்பெஷலிஸ்ட் என்பதால்தான் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிபுணர் என்று சேர்த்தால் தமிழில் வேறு ஓர் எடை வந்துவிடும்.

ப்ரூஃபில் திருத்தி அனுப்பினேன். அவள் பெயருக்குக் கீழே இப்போது ‘சட்டத்துணை மேற்பார்வையாளர், அரசு வழக்கறிஞர் அலுவலகம், அமெரிக்கா’ என்று இருக்கிறது.