ஸ்ட்ரோக் வந்தவருக்கு ஜெல்லி கொடுக்கலாமா?

"தண்ணி குடுத்தா இருமுறாரு, அதான் ஜெல்லி குடுக்குறோம்." மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து விழுங்கல் பயிற்சிக்கு வரும் குடும்பங்கள் அடிக்கடி சொல்வது இது. எண்ணம் நல்லதுதான். ஆனால் எந்த ஜெல்லி?

ஜெலட்டின் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறு, அதாவது பாலிமர். ஆறும்போது இந்தச் சங்கிலிகள் மூன்று மூன்றாக முறுக்கிக்கொண்டு வலையாகி, தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. அந்தப் பிடி பலவீனமானது. சுமார் 35 டிகிரியிலேயே விட்டுப்போகும். உடம்பின் சூடோ 37. விழுங்கத் திணறுபவர் வாயிலேயே வைத்திருந்தால் ஜெல்லி தண்ணீராகி, மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். ஐஸ்கிரீமும் அப்படித்தான்.

ரப்பர் தெரிந்த ஊர் இது, அதனால் எளிதாகச் சொல்லலாம். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய டயரில் சங்கிலிகளுக்கு இடையே விழும் பிணைப்பு நிரந்தரம். அதை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. ஜெல்லியை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கி உறைய வைக்கலாம். அந்த வசதிதான் இங்கே ஆபத்து.

சரி, அகர் அகர்? அது 40 டிகிரிக்குக் கீழே உறைந்தாலும், உருக 85 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். வாயில் உருகாது. ஆனால் நொறுங்கித் துண்டு துண்டாகச் சிதறும், தண்ணீரும் கசியும். எங்களைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கடை ஜெல்லி என்றால் பாக்கெட்டின் பின்பக்கம் ஜெலட்டின் இருக்கிறதா என்று பாருங்கள்.

பானத்தைக் கெட்டியாக்கும் பொடியிலும் இரண்டு வகை உண்டு. மாவுச்சத்துப் பொடியை எச்சிலிலுள்ள அமைலேஸ் என்ற நொதி வெட்டிவிடும். வாயில் வைத்த கரண்டியைக் கோப்பையிலேயே விட்டால் பானம் நீர்த்துப்போகும். சாந்தன் கம் வகையை அமைலேஸ் தொடாது. அதன் சங்கிலிகள் லேசாகத்தான் ஒட்டியிருக்கின்றன. கலக்கினால் இளகும், சும்மா விட்டால் மறுபடி கெட்டியாகும். கலக்கிய உடனே நீர்த்திருக்கிறதே என்று இன்னொரு கரண்டி போட்டுவிடாதீர்கள். பாக்கெட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, அப்புறம் பாருங்கள்.

பதத்தைச் சோதிக்க சிரிஞ்ச் போதும். 10 மில்லி ஊற்றி, முனையை 10 விநாடி திறந்துவிட்டு மூடுங்கள். 4 முதல் 8 மில்லி வரை மிஞ்சினால், பானங்களின் கெட்டியை 0 முதல் 4 வரை பிரிக்கும் IDDSI அளவுகோலில் அது இரண்டாம் நிலை. சிரிஞ்சில் 0 முதல் 10 வரையான நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு மாறும்.

இருமல் நின்றதை மட்டும் நம்பாதீர்கள். சிலருக்கு இருமலே இல்லாமல் நுரையீரலுக்குள் இறங்கும். எந்த நிலை வேண்டும் என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். வரும்போது பொடி டின்னையும் அவர் வழக்கமாகக் குடிக்கும் கோப்பியையும் கொண்டு வாருங்கள். ஒரே அளவு பொடி தண்ணீரில் ஒரு மாதிரியும் பாலில் வேறு மாதிரியும் கெட்டியாகும்.