பூட் என்ட்ரி: தொடக்கக் குறிப்பு

கணினி எந்த வட்டிலிருந்து எழ வேண்டும் என்று சொல்லும் பூட் என்ட்ரிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? பூட் என்பது கணுக்காலுக்கு மேலே ஏறும் தோல் காலணி. அதன் பின்புறம், இழுத்து மாட்டுவதற்கென்று ஒரு வார் இருக்கும், அதுதான் பூட்ஸ்ட்ராப். தன் காலணி வாரைப் பிடித்துத் தன்னையே தூக்குவது, 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நடக்காத காரியத்துக்குச் சொன்ன கேலி. 1950களில் கணினிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். நினைவகத்தில் ஒரு நிரலை ஏற்ற இன்னொரு நிரல் வேண்டுமென்றால், அந்த இன்னொன்றை ஏற்றுவது யார்? மிகச் சிறிய நிரல் ஒன்று முதலில் வந்து தன்னைவிடப் பெரியதை அழைக்கும். அந்த உத்திக்கு வைத்த பூட்ஸ்ட்ராப் என்ற பெயர் நாளடைவில் பூட் என்று சுருங்கியது. ஐபிஎம் தன் பெருங்கணினிகளில் இதே வேலையை ஐபிஎல் (இனிஷியல் புரோகிராம் லோட்) என்றது. கிரிக்கெட்டுக்கு வெகு முன்பே வந்த ஐபிஎல்.

தமிழில் துவக்கம், தொடக்கம் இரண்டும் வழங்குகின்றன. என் வாக்கு தொடக்கத்துக்கே. ஈழத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி என்பது ஒரு காரணம். அடங்கு–அடக்கு, முடங்கு–முடக்கு போலத் தொடங்கு–தொடக்கு என்ற இணை கைவசம் இருப்பது அதைவிடப் பெரிய காரணம். கணினி தொடங்குகிறது, நாம் தொடக்குகிறோம்.

என்ட்ரிதான் சிக்கல். அதை உள்ளீடு என்று எழுதுவது தவறு; உள்ளீடு விசைப்பலகை வழியே போவது. பதிவு பொருந்தும், ஆனால் பழைய வட்டுகளின் முதல் 512 பைட்டில் இருக்கும் எம்பிஆர் (மாஸ்டர் பூட் ரெகார்ட்) 'முதன்மைத் தொடக்கப் பதிவு' என்ற பெயரை ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. ஆகவே 'தொடக்கக் குறிப்பு' என்கிறேன். உண்மையில் அது குறிப்புதான். யூஇஎஃப்ஐ கணினியில், அதாவது பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க முறை உள்ள கணினியில், அது வட்டில் இருப்பதில்லை. தாய்ப்பலகையின் அழியா நினைவகத்தில் இருக்கிறது. வட்டின் எந்தப் பகிர்வு (பார்ட்டிஷன்), அதில் எந்தக் கோப்பு என்பதை மட்டும் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கப் பதினறும (ஹெக்சாடெசிமல்) எண் உண்டு. எதை முதலில் முயல வேண்டும் என்று சொல்வது பூட்ஆர்டர், அதாவது தொடக்க வரிசை.

பல வட்டுகள் உள்ள கணினியில் இதன் அருமை தெரியும். லினக்ஸ் வட்டுகளுக்குத் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் ஒவ்வொரு தொடக்கத்திலும் இடம் மாறலாம். குறிப்போ பகிர்வின் தனி அடையாள எண்ணைப் பிடித்திருக்கிறது. அதனால் வட்டை வேறு துறைக்கு (போர்ட்) மாற்றிச் செருகினாலும் பெரும்பாலும் குழம்பாது. அச்சுப் பிசகாமல் நகலெடுத்த வட்டை மூலத்தோடு சேர்த்து மாட்டினால்தான் வம்பு. இரண்டுக்கும் ஒரே அடையாள எண், எது எழுந்திருக்கும் என்று உறுதியில்லை. நகலுக்குப் புது எண் கொடுத்து, அதற்கென்று தனிக் குறிப்பு எழுதுவதே வழி.

கணினி எட்டாத தொலைவில் இருக்கும்போது தொடக்க வரிசையை நேராக மாற்றுவது துணிச்சல் அல்ல, அசட்டுத்தனம். புது வட்டு எழவில்லையென்றால் உள்ளே நுழைய வழியிருக்காது. அதற்கென்றே இருப்பது பூட்நெக்ஸ்ட். தமிழில் 'ஒருமுறைத் தொடக்கம்' என்றால் வேலை விளங்கும். லினக்சில் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் (efibootmgr) கட்டளையோடு, கழித்தல் குறி, சிறிய n எழுத்து, குறிப்பின் எண் ஆகியவற்றைக் கொடுத்து மறுதொடக்கம் செய்தால், அந்த ஒரு முறை மட்டும் அந்தக் குறிப்பு முந்தும். தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் நிரல் அந்த ஆணையை அழித்துவிட்டுத்தான் கட்டுப்பாட்டைக் கைமாற்றும். அடுத்த முறை பழைய வரிசையே. புதியது ஒழுங்காக எழுந்து, தொலைவிலிருந்து உள்ளே போக முடிகிறது என்று பார்த்த பிறகு வரிசையை மாற்றலாம்.

ஒரு எச்சரிக்கை: புதிய அமைப்பு பாதியில் உறைந்து நின்றால் பழைய வரிசை தானாக வந்துவிடாது. யாராவது மின்சாரத்தை நிறுத்திப் போட வேண்டும். சர்வர்களில் இதைத் தொலைவிலிருந்தே செய்ய ஐபிஎம்ஐ (தொலைவிலிருந்து வன்பொருளை ஆளும் முறை) போன்ற தனி வழி இருக்கும். சாதாரணக் கணினியில், இயங்குதளத்தின் கருவான கெர்னல் நிலைகுலைந்தால் சில நொடிகளில் தானே மறுதொடக்கம் ஆகும்படி முன்கூட்டியே அமைத்துவைக்கலாம். ஆனால் கெர்னல் நன்றாக ஓடி வலையிணைப்பு மட்டும் வராமல் போனால் அதுவும் உதவாது.